கொதிநீரும் ஒரு மாணவன் கேள்வியும்: அசட்டு வினாவின் அறிவுப் பயன் குறித்து

முன்வைப்பு

வகுப்பில் ஒரு மாணவன் கேள்வி கேட்கிறான். சிரிப்பு எழுகிறது. ஆசிரியர் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், அங்கே ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டது என்பதே யாருக்கும் உறைப்பதில்லை. கேள்வி ஆராயப்படவில்லை, தகுதியற்றது என்று தள்ளுபடி மட்டும் செய்யப்பட்டது. அசட்டுக் கேள்வி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படித் தள்ளுபடியானவைதான்.

அத்தகைய கேள்விக்கு அறிவுத்துறையில் மதிப்பு உண்டென்றால் அது எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. வழக்கமான பதில் ஒன்று உண்டு: உலகம் சிரித்தது, கேட்டவர் சொன்னதே சரி என்று பின்னால் நிரூபணமானது, ஆகவே கேள்விகளைப் புறக்கணிக்கக் கூடாது. இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கேட்டவர் சரியாக இருந்தால்தான் கேள்விக்கு மதிப்பு என்றால், தவறாகப் போன கேள்விகளையெல்லாம் சிரித்துத் தள்ளியது நியாயம் என்றாகிவிடும். அசட்டு வினாவின் பயன் அதன் விடையில் இல்லை என்பது என் வாதம். எல்லோரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு முற்கோளை அது வெளியே இழுத்துப் போடுகிறது. விடை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த வேலை நடந்துவிடுகிறது.

இதைச் சோதிக்க, விடை இன்றும் முடிவாகாத ஒரு வழக்கே பொருத்தமானது. கிழக்கு ஆப்பிரிக்காவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவர் கேட்ட கேள்வி அத்தகையது.

இதுவரை சொல்லப்பட்டவை

இப்பொருள் குறித்த சிந்தனையில் இரண்டு போக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, கேட்பவரின் ஆர்வத்தைப் போற்றுவது. வானியலாளர் கார்ல் சேகன் தம் பிற்கால நூலொன்றில், வெகுளியான கேள்விகளும் சலிப்பூட்டும் கேள்விகளும் சரியாகச் சொல்லப்படாத கேள்விகளும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் ஒவ்வொன்றும் உலகைப் புரிந்துகொள்ளும் ஏக்கத்திலிருந்தே எழுகிறது, ஆகவே முட்டாள் கேள்வி என்று ஒன்று இல்லை என்பது அவர் நிலை. மற்றது, அறியாமையைச் சகித்துக்கொள்ளும் மனத்திடத்தைப் போற்றுவது. உயிரணு அறிவியலாளர் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் 2008இல் எழுதிய சிறு கட்டுரை இதற்கு நல்ல சான்று. ஆய்வு மாணவராக இருந்தபோது அவர் தம் சிக்கல் ஒன்றை வேதியியலாளர் ஹென்றி டாபிடம் கொண்டுபோனார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டாப், தமக்கு விடை தெரியாது என்றார். அவருக்கே தெரியவில்லை என்றால் யாருக்கும் தெரியாது, அதனால்தான் இது ஆய்வுப்பொருள் என்று ஷ்வார்ட்ஸுக்குப் புரிந்தது அப்போதுதான். ஆய்வில் தன்னை மூடனாக உணர்வது குறையல்ல, அந்த வேலையின் இயல்பே அதுதான் என்கிறார் அவர்.

இரண்டும் உண்மையே. இரண்டுமே கேட்பவரின் மனத்தைத்தான் பார்க்கின்றன. கேள்வி போய்ச் சேரும் இடத்தை, அதாவது விடை தனக்குத் தெரியும் என்று நம்புகிற செவியை, இவை பெரிதாக ஆராய்வதில்லை. அசட்டுத்தனம் என்ற மதிப்பீடு பிறப்பது அந்தச் செவியில்.

மகம்பா பள்ளியின் பால்

1963இல் டாங்கனிக்காவின் மகம்பா உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் ஐஸ்கிரீம் செய்வது வழக்கம். பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, ஆறவிட்டு, உறைபெட்டியில் வைப்பார்கள். பெட்டியில் இடம் குறைவு. ஒருநாள் இன்னொரு மாணவன் இடம் பிடிப்பதற்காகப் பாலைக் காய்ச்சாமலே சர்க்கரை கலந்து உள்ளே வைத்துவிட்டான். ஆறும்வரை காத்திருந்தால் இடம் போய்விடும் என்று எம்பெம்பா சுடச்சுடப் பாலை வைத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அவருடைய பால் உறைந்திருந்தது. மற்றவனுடையது கெட்டியான திரவமாகவே இருந்தது.

காரணம் கேட்டபோது, நீ குழம்பிவிட்டாய், அப்படி நடக்காது என்றார் இயற்பியல் ஆசிரியர். மாணவரும் நம்பினார். பிறகு டாங்கா நகரில் ஐஸ்கிரீம் செய்து விற்கும் நண்பர் ஒருவரைச் சந்தித்தபோது, சீக்கிரம் உறைவதற்காகச் சூடாகவே வைப்பதாக அவர் சொன்னார். வியாபாரத்தில் இது கைவழக்கமாகவே இருந்தது. ஆய்வகத்துக்கு வெளியே புழங்கிய இந்த அறிவு பாடநூலின் வாசலைத் தாண்டி வந்ததில்லை.

மேல்வகுப்புக்காக இரிங்காவிலுள்ள ம்க்வாவா பள்ளிக்குப் போன எம்பெம்பா, அங்கே நியூட்டனின் குளிர்வு விதிப் பாடம் நடந்தபோது மறுபடியும் கேட்டார். அது எம்பெம்பாவின் இயற்பியல், உலகத்தின் இயற்பியல் அல்ல என்ற பொருளில் ஆசிரியர் பதில் சொன்னார். அதன்பின் அவர் கணக்கில் தவறினாலும் அது எம்பெம்பாவின் கணிதம் ஆயிற்று. ஒரு கேள்விக்காக ஒரு மாணவனின் பெயரே பிழைக்கு மறுபெயரானது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். கேள்வியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது இங்கேதான் தெரிகிறது. கேள்வி சரியோ தவறோ, கேட்டவர் அன்றாடம் கொடுத்த விலை ஒன்றுதான்.

எம்பெம்பா ஓய்ந்துவிடவில்லை. திறந்திருந்த உயிரியல் ஆய்வகத்தில் இரண்டு சிறு முகவைகளை எடுத்து, ஒன்றில் குழாய் நீரும் மற்றதில் சுடுநீரும் ஊற்றி உறைபெட்டியில் வைத்தார். முழுதும் உறையவில்லை. சுடுநீர் இருந்த முகவையில் பனிக்கட்டி கூடுதலாக இருந்தது. பின்னர் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து டென்னிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியலாளர் பள்ளிக்கு உரையாற்ற வந்தபோது அவரிடம் எழுந்து கேட்டார்: ஒரே மாதிரியான இரண்டு பாத்திரங்கள், சம அளவு நீர், ஒன்று 35 பாகை, மற்றது 100 பாகை, உறைபெட்டியில் வைத்தால் 100 பாகையில் தொடங்கியது முதலில் உறைகிறது, ஏன்?

உடனிருந்த மாணவர்கள் பள்ளியின் மானம் போனதாகக் கடிந்துகொண்டார்கள். ஆஸ்போர்ன் கேள்வியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். தமக்குத் தெரியாது, ஊருக்குத் திரும்பியதும் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். ஆய்வகப் பணியாளரிடம் சோதனையை ஒப்படைத்தார். சூடாகத் தொடங்கிய நீரே முதலில் உறைந்தது என்று பணியாளர் தெரிவித்தார். கூடவே, சரியான முடிவு கிடைக்கும்வரை சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வோம் என்றும் சொன்னார். கண்ணெதிரே கிடைத்த அளவீட்டைவிட ஏற்கெனவே தெரிந்த விடை அவ்வளவு வலுவாக இருந்தது. 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. எம்பெம்பாவின் பெயரே முதலில் இருந்தது. அதே ஆண்டில் கனடாவின் ஜார்ஜ் கெல் என்பவர், இவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், இதே சிக்கலைப் பற்றி எழுதினார். தம் நாட்டுக் குளிர்ப்பகுதிகளில் சுடுநீர் விரைவில் உறைகிறது என்ற நம்பிக்கை வெகுகாலமாக இருந்துவருவதை அவர் குறிப்பிட்டார்.

அரிஸ்டாட்டில், பிரான்சிஸ் பேகன், டெகார்ட் ஆகியோரின் எழுத்துகளிலும் இந்நிகழ்வின் சாயல் உண்டு. ஆக, நூற்றாண்டுக்கணக்கில் பதிவாகியிருந்த ஓர் அவதானிப்பு 1960களின் வகுப்பறையில் நடக்கவே முடியாததாகிவிட்டது. முன்னோர் சொன்னது சரியா என்பது வேறு விவாதம். ஒரு விதியைக் கற்றுக்கொண்டதும் அந்த விதிக்கு அடங்காத அவதானிப்புகளை மறக்கவும் நாம் கற்றுக்கொள்கிறோம் என்பதே இதில் என்னைத் தைப்பது.

ஆசிரியரின் தருக்கம்

ஆசிரியர்களைக் கண்டிப்பது எளிது. ஆனால் அவர்களுடைய தருக்கம் வலுவானது, அதைப் புரிந்துகொள்ளாமல் கேள்வியின் மதிப்பைப் புரிந்துகொள்ள முடியாது. 100 பாகையில் உள்ள நீர் உறைய வேண்டுமானால் முதலில் 35 பாகைக்கு வந்தாக வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் 35 பாகையில் தொடங்கிய நீர் இன்னும் குளிர்ந்திருக்கும். ஒரே சாலையில் ஒரே விதிக்குட்பட்டு நடக்கும் இருவரில், பின்னால் நிற்பவர் முன்னவரை எப்படி முந்துவார்?

இந்தத் தருக்கம் ஒரு முற்கோளின்மேல் நிற்கிறது. 35 பாகைக்கு இறங்கிவந்த நீரும் 35 பாகையிலேயே தொடங்கிய நீரும் எல்லா வகையிலும் ஒன்றே என்பது அந்த முற்கோள். அதாவது, ஒரு நீரின் நிலையைச் சொல்ல வெப்பநிலை என்ற ஒற்றை எண் போதும். இதை எந்த ஆசிரியரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருப்பதாக நினைக்கவும் இல்லை. எம்பெம்பா கேட்டிராவிட்டால் அது கண்ணுக்கே தெரிந்திருக்காது.

கேட்டபின் வேறுபாடுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சுடுநீரில் ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால் உறைய வேண்டிய நீர் குறைகிறது. சூடாக்கும்போது கரைந்திருந்த வாயுக்கள் வெளியேறுகின்றன. பாத்திரத்துக்குள் நீரின் சுழற்சி வேறுபடுகிறது. மேற்பரப்பு சூடாகவும் அடிப்பகுதி குளிர்ந்தும் இருக்க முடியும் என்பதால் நீர் முழுவதற்கும் ஒரே வெப்பநிலை என்று பேசுவதே சரியில்லை. ஆஸ்போர்னின் சோதனையில் நீரின்மேல் எண்ணெய்ப் படலம் இட்டபோது குளிர்தல் பெரிதும் தாமதமானது; வெப்பம் முக்கியமாக மேற்பரப்பு வழியாகவே வெளியேறுகிறது என்பதற்கு அது சான்று. உறைபெட்டியின் தட்டில் படிந்த உறைபனியைச் சூடான பாத்திரம் உருக்கிவிட்டால், பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நெருக்கம் கூடுகிறது. நீர் பூஜ்ய பாகைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்கும் மீக்குளிர்வும் உண்டு. எப்போது உறையத் தொடங்கும் என்பது பாத்திரத்தின் கீறல், தூசி போன்றவற்றைப் பொறுத்தது. டேவிட் ஆயர்பாக் 1995இலும் ஜேம்ஸ் பிரவுன்ரிட்ஜ் 2011இலும் இந்த மீக்குளிர்வின் பக்கமே கவனத்தைத் திருப்பினார்கள்.

இத்தனை காரணிகளில் எது முதன்மை என்பது முடிவாகவில்லை. ஆனால் பட்டியலே ஒரு பேறு. வெப்பநிலை ஒரே எண்ணாக இருந்த இடத்தில் பொருண்மை, வாயு, ஓட்டம், தொடுபரப்பு, கடந்துவந்த வரலாறு என்று ஒரு முழு உலகம் திறந்தது.

நன்னூலின் ஆறு வினாக்கள்

கேள்விகளை வகைப்படுத்திப் பார்க்கும் மரபு நமக்கு உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகப் பகுக்கிறது. அதன் பாயிரம், உடன் பயில்வோரோடு வினாவுவதையும் வினவியதற்கு விடை சொல்வதையும் மாணவனின் பயிற்சியில் சேர்க்கிறது. கேள்வி அங்கே குறுக்கீடு அல்ல, கல்வியின் ஓர் உறுப்பு.

எம்பெம்பாவின் கேள்வியை இந்த ஆறில் எங்கே வைப்பது? அறியாததை அறிந்தவரிடம் கேட்டதால் அறியா வினா என்று தோன்றும். ஆனால் நிகழ்வை அறிந்தவர் மாணவர். அறிந்தவர் என்று கருதப்பட்ட ஆசிரியரோ அதை அறியாதவர். கேட்பவருக்கோ கேட்கப்படுபவருக்கோ விடை தெரியும் என்ற பின்னணியில்தான் அறிவினாவும் அறியா வினாவும் இயங்குகின்றன. இருவருக்கும் தெரியாத, அதில் ஒருவர் தமக்குத் தெரியும் என்று நம்புகிற கேள்வி இந்த வகைப்பாட்டில் சரியாகப் பொருந்தவில்லை. விடைகளுக்கும் நன்னூல் எட்டு வகை சொல்கிறது. அப்படி நடக்காது என்ற ஆசிரியரின் பதிலுக்கு மறை விடை என்று பெயர் உண்டு. தெரியவில்லை, செய்து பார்த்துச் சொல்கிறேன் என்ற ஆஸ்போர்னின் பதிலுக்கு அந்த எட்டில் தனி இடம் இல்லை. இது நன்னூலின் குறையல்ல. அது மொழி வழக்கை விளக்கும் இலக்கணம், ஆய்வு முறையியல் அல்ல. ஆனாலும் அந்த வெற்றிடம் நம் வகுப்பறைகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆசிரியர் கேட்கும் அறிவினாவாலேயே தேர்வுத்தாள்கள் நிரம்புகின்றன. இருவருக்கும் தெரியாத வினாவுக்கு அங்கே வரியே இல்லை.

விடை என்ன ஆயிற்று

2012இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் இந்நிகழ்வுக்குச் சிறந்த விளக்கம் கேட்டுப் போட்டி நடத்தியபோது 22,000 பேர் எழுதினார்கள். ஜாக்ரப் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா பிரெகோவிச் வென்றார். போட்டி முடிந்ததே தவிர விவாதம் முடியவில்லை. 2016இல் ஹென்றி பர்ரிட்ஜ், பால் லிண்டன் இருவரும் இந்நிகழ்வே உண்டா என்ற அடிப்படைக்குப் போனார்கள். கவனமாகச் சோதித்து, சுடுநீர் விரைவில் குளிர்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று முடிவுசெய்தார்கள். இரண்டு பாத்திரங்களில் வெப்பமானிகள் ஒரு சென்டிமீட்டர் உயரம் மாறியிருந்தாலே இல்லாத விளைவு இருப்பதுபோல் தோன்றும் என்றும் காட்டினார்கள். இது கனமான மறுப்பு. ஆனால் அவர்கள் அளந்தது நீர் பூஜ்ய பாகையை எட்டும் நேரத்தை. மீக்குளிர்வும் உறைதலும் அதன்பின் நடப்பவை. ஆகவே உறைதல் என்று எதைச் சொல்கிறோம் என்பதே சர்ச்சைக்குரியதாயிற்று. முதல் பனிக்கட்டித் துணுக்கா, முழுக்கட்டியா, பூஜ்ய பாகையா? 2006இல் மான்வி ஜெங் எழுதிய கட்டுரையும் இந்த வரையறைச் சிக்கலை அலசியது.

இதற்கிடையே கேள்வி நீரைவிட்டே வெளியேறியது. 2017இல் ஜியூ லூ, ஓரென் ராஸ் ஆகியோர், சமநிலையிலிருந்து வெகுதூரம் விலகிய ஓர் அமைப்பு நெருங்கியிருக்கும் அமைப்பைவிட முன்னதாகச் சமநிலையை எட்ட முடியும் என்று கோட்பாட்டளவில் காட்டினார்கள். அமைப்பு பல வேகங்களில் தளர்கிறது. மிக மெதுவாகத் தளரும் கூறு சூடான தொடக்கத்தில் குறைவாக இருந்தால் அது முந்திவிடும். 2020இல் அவினாஷ் குமார், ஜான் பெக்ஹோஃபர் இருவரும் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில், நீரில் மிதக்கும் நுண்மணி ஒன்றை ஒளியால் கட்டுப்படுத்தி, இதைச் சோதனையில் கண்டார்கள். 2024இல் இன்ஸ்புருக்கில் சிறைப்படுத்திய அயனிகளில் இதன் குவாண்டம் வடிவம் அவதானிக்கப்பட்டது.

இவை எதுவும் மகம்பாவின் பால் உண்மையில் முந்தியது என்பதற்குச் சான்றாகாது. நுண்மணி நீரல்ல. நிரூபணமானது வேறொன்று: வெப்பநிலை என்ற ஒற்றை எண் ஓர் அமைப்பின் நிலையை முழுதாகச் சொல்லும் என்ற முற்கோள் பொதுவாகச் செல்லாது. மாணவரின் அவதானிப்பு நாளை முற்றிலும் பிழையென்று நிரூபணமானாலும் இந்த முடிவு நிற்கும். என் வாதத்தின் ஆணிவேர் இதுவே.

ராமனின் கடல்

ஒரே வழக்கின்மேல் முழு வாதத்தையும் நிறுத்துவது சரியாகாது. நம் மண்ணோடு தொடர்புடைய இன்னொரு வழக்கையும் பார்க்கலாம். 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாடு முடிந்து நார்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அதன் காரணத்தைக் கேட்டார். குழந்தைகள் கேட்கும் கேள்வி இது. விடையும் தயாராக இருந்தது. ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்பில் பிரதிபலித்த ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழ்ந்தது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று அவர் எழுதினார். அங்கிருந்து தொடங்கிய சிதறல் ஆய்வுகள் 1928 பிப்ரவரி 28 அன்று, கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்டறிந்த விளைவில் முடிந்தன. 1930இல் நோபல் பரிசு வந்தது.

இந்தக் கதையை வெற்றிக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கடலின் நிறத்துக்கு நீர் மூலக்கூறுகள் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதும் பெருங்காரணம் என்பது இன்றைய புரிதல். சிதறலுக்கு ராமன் கொடுத்த முதன்மை அப்படியே நிற்கவில்லை. கடல் ஏன் நீலம் என்ற கேள்விக்கு அவர் விடை அரைகுறை. ஆனால் அந்தக் கேள்வியால் அவர் நுழைந்த வழி இயற்பியலின் ஒரு துறையையே திறந்துவிட்டது.

இரண்டு வழக்குகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. ராமன் அப்போது பேராசிரியர், அறியப்பட்ட அறிஞர். அவர் கேட்டால் அது ஆய்வு. அதே கேள்வியைத் திருச்சிராப்பள்ளியில் ஒரு பள்ளி மாணவன் கேட்டால் பாடநூலின் வரியைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். அசட்டுத்தனம் என்ற மதிப்பீட்டில் கேட்பவரின் தகுதிநிலைக்கு எவ்வளவு பங்கு என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

எதிர்வாதங்கள்

இரண்டு மறுப்புகளை எதிர்கொள்ள வேண்டும். முதலாவது, தப்பிப்பிழைத்த கேள்விகளை மட்டும் எடுத்து வாதிடுகிறேன் என்பது. எண்ணற்ற கேள்விகள் எங்கும் இட்டுச்செல்லவில்லை. ஒரு பாடவேளையில் எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்க முடியாது. இது நியாயமே. முட்டாள் கேள்வி என்று ஒன்று இல்லை என்ற சேகனின் தாராளத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆஸ்போர்னிடம் எம்பெம்பா கேட்ட கேள்வியில் பாத்திரம், அளவு, இரண்டு வெப்பநிலைகள் எல்லாம் இருந்தன. அதைச் சோதிக்கும் வழி அதற்குள்ளேயே இருந்தது. கேள்வி எவ்வளவு விசித்திரமாக ஒலிக்கிறது என்பதைவிட, செய்துபார்க்க இடம் தருகிறதா என்பது நல்ல அளவுகோல். ஆனால் ஆசிரியரிடம் முதலில் போன கேள்வி இவ்வளவு கூர்மையாக இருந்திருக்காது. கூர்மை இடையில் வந்தது. அவர் விடாமல் வைத்திருந்ததால் வந்தது. முதல் வடிவத்திலேயே வடிகட்டினால் கூர்மையான வடிவம் பிறக்கவே பிறக்காது.

இரண்டாவது மறுப்பு: உண்மையான ஐயம் உள்ளவர் எப்படியும் கேட்டுவிடுவார் என்பது. சான்றுகள் இதற்கு எதிரானவை. 1987இல் டேல் மில்லர், கேத்தி மெக்ஃபார்லண்ட் இருவரும் மாணவர்களுக்குப் புரியாதபடி எழுதிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்து, ஐயம் இருந்தால் வந்து கேட்கலாம் என்றார்கள். மாணவர்கள் கேட்கவில்லை. தான் கூச்சத்தால் கேட்கவில்லை என்றும், மற்றவர்கள் புரிந்ததால் கேட்கவில்லை என்றும் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மௌனத்தைப் புரிதலாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியரும் இதே பிழையைத்தான் செய்கிறார். அதிகப்பிரசங்கி என்ற ஒரு சொல் போதும், ஒரு வகுப்பு முழுவதையும் ஆண்டுக்கணக்கில் வாயடைக்க வைக்க.

பதிவேட்டில் ஒரு பக்கம்

தார் எஸ் சலாம் பணியாளர் சரியான முடிவு வரும்வரை சோதனை செய்ய நினைத்தது நமக்கு அந்நியமல்ல. தனி ஊசலை ஆட்டிவிட்டு, ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு 9.8க்கு அருகில் வருமாறு அளவீடுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதுவது செய்முறைத் தேர்வில் பலருக்கும் பழக்கமான உத்தி. ஏமாற்றும் எண்ணம் அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. விடை முன்பே தெரிந்த இடத்தில் தன் கையால் எடுத்த அளவீடு பிழையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே மாணவரை அப்படி எழுத வைக்கிறது. நூல் நீளமாக இருந்ததா, வீச்சு பெரிதாக இருந்ததா, நிறுத்துகடிகாரத்தை அழுத்தத் தாமதித்தோமா என்று கேட்கும் வாய்ப்பு அங்கேயே போய்விடுகிறது.

நம் பள்ளிகளின் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், கருவிகள், வாய்பாடு, செய்முறை, முடிவு என்ற தலைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் இன்னும் ஒரு பக்கம் சேர்க்கலாம்: பொருந்தாமல் போன அளவீடு எது, அதைப் பற்றி எழும் கேள்வி எது, அதை எப்படிச் சோதிப்பாய்? அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் தரும்போது முடிவு பாடநூலோடு பொருந்துகிறதா என்று பார்க்கக் கூடாது. கேள்வியில் அளவும் சோதனை வழியும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆசிரியர் தமக்குத் தெரியவில்லை என்று எழுதிக் கையொப்பமிடவும் அங்கே இடம் வேண்டும். பொதுத்தேர்வு இல்லாத ஒன்பதாம் வகுப்பில் ஒரு பள்ளி இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிப் பார்க்க முடியும்.